'மீ' சொன்னவன் தரைக்கு

இன்று மயிலாப்பூரில் ஒரு கடைக்கு என் வண்டியிலிருந்து சாக்பீஸ் பெட்டிகளை இறக்கும்போது ஒன்று உடைந்து தூள் பறந்தது. அந்த வாசனையில், மந்தைவெளிக் கால்வாயோரம் இருந்து இப்போது கார்கள் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் தகரக் கூரைப் பள்ளிக்கூடம் கண்முன் வந்தது, கூடவே கோபமும்.

ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ் சாருக்கு ஒரு வழக்கம். 'ஐ' வரவேண்டிய இடத்தில் 'மீ' சொன்னவனும், 'ஹிம்' வரவேண்டிய இடத்தில் 'ஹீ' சொன்னவனும் தரையில் உட்கார வேண்டும். பத்து வாக்கியம் பிழையில்லாமல் சொன்னால்தான் மறுபடி பெஞ்சு. மழையில் தகரம் தடதடக்க, சிமெண்டின் ஈரம் டவுசரில் ஏற, குடிசைப் பிள்ளைகள் நாங்கள் மாதக்கணக்கில் அந்தத் தரையிலேயே கிடந்து, சோறு தின்னும்போதும் 'ஹீ கேவ் மீ, ஐ கேவ் ஹிம்' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் பத்தையும் சரியாகச் சொன்னேன்.

"எவன்டா உனக்கு எழுதிக் குடுத்தது?" என்றார் சார். "உக்காரு கீழ."

அடுத்து, பெஞ்சிலிருந்த மளிகைக்கடைக்காரர் மகன் 'மீ வென்ட்' என்றான்.

"வாய் தவறிடுச்சு, இல்லப்பா?" என்று சிரித்தார்.

வீட்டில் அம்மா, "தரைல குந்திகினு படிச்சா இன்னாடா, மண்டைல ஏறாதா?" என்றாள். ஏறியிருந்தது, அதுதான் கோபம். மறுநாளிலிருந்து நான் போகவில்லை.

பிறகு வண்டியோட்டி எத்தனையோ ஊர் சுற்றி, சவாரி வந்த எத்தனையோ வெள்ளைக்காரர்களிடம் இங்கிலீஷில் பேசிவிட்டேன். அந்த நான்கு சொற்களில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்த ஆள் முன்னால் பேசிக்காட்டத்தான் வாய்க்கவில்லை.