கல்லில் விழுந்த வெற்றுக் கட்டம்

நூலளவு என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அச்சகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து எழுத்துகளை அடுக்குகிறவன். "இன்னும் ஒரு நூலளவு தள்ளணும்" என்று சொல்லிச் சொல்லியே பெற்றவர்கள் வைத்த பெயரைத் தொலைத்தவன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் இவன் காற்புள்ளியை நகர்த்தி முடிப்பதற்குள் அந்தத் தம்பதிக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது. நம்பாதவர்கள் பிள்ளையைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தத் தள்ளல் ஒருமுறை வினையாயிற்று. ஏதோ விளம்பரத் தாளை முடித்துவிட்டு அக்கா புருஷனான அத்தானின் அடக்கத்துக்கு ஓடினான். அதற்குள் குழியை மூடிவிட்டார்கள். அன்று மூடிய வாயை அக்கா மூன்று மாதம் திறக்கவில்லை. பிறகு ஒரு சீட்டு வந்தது: "கல்லு வைக்கணும். பேருக்குக் கீழ அவரோட எழுத்து இருக்கணும். செய்வியா?"

அத்தான் தச்சர். தன் உளி, சுத்தியல் எல்லாவற்றிலும் ஒரு குறி கீறிவைப்பார்: நேராக ஒரு கோடு, அதன் வலப்புறம் மேல்நோக்கி இரண்டு கிளைகள். ரூனிக் எழுத்து. வட ஐரோப்பாவின் குளிர்தேசத்தார் அந்தக் காலத்தில் மரத்திலும் கல்லிலும் வெட்டியது. ஏதோ பழைய புத்தகத்தில் பார்த்துப் பிடித்துப்போனதாம்.

மூன்று கோடு வரைந்தால் தீர்ந்தது. நம் ஆள் வரைவானா? கணினியில் அந்த எழுத்துக்கென்றே ஓர் எண் இருப்பதைக் கண்டுபிடித்து, "படமில்லக்கா, நெஜ எழுத்தாவே போடுறேன்" என்று தகவல் அனுப்பினான். வெளியே போகும் வேலையில், எந்தக் கணினியில் திறந்தாலும் உருவம் மாறாமலிருக்க, எழுத்துகளை வெறும் கோடுகளாக மாற்றிவிட்டுத்தான் அனுப்புவான். இந்த முறை கடைசி நிமிடம்வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில் அதை மறந்து, அப்படியே கல்பட்டறைக்கு அனுப்பிவிட்டான்.

கல் நடும் நாள். நாலு மணிக்கு அக்கா வருவாள். இரண்டு மணிக்குக் கல்பட்டறைக்குப் போனான். கருங்கல்லில் அத்தானின் பெயர் அழகாக இருந்தது. அதன் கீழே கையகலத்துக்கு ஒரு வெற்றுக் கட்டம்.

"என்னண்ணே இது?"

"நீ அனுப்புனதுதான். கட்டம்னா கட்டம். ஏதோ புது ஃபேஷனாக்கும்னு வெட்டிட்டேன்" என்றார் கல்தச்சர்.

பட்டறைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. இல்லாத எழுத்துக்குக் கணினி வைத்த கட்டத்தை இயந்திரம் அப்படியே குடைந்திருந்தது. இவன் கட்டத்தை விரலால் அழித்துப் பார்த்தான்.

"வேற கல்லு?"

"ஒரு மாசமாகும்."

"அப்ப கட்டத்துக்குள்ள கையாலயாவது வெட்டிக் குடுங்கண்ணே, கால்ல விழுறேன்."

கல்தச்சர் இரு கைகளையும் நீட்டிக் காட்டினார். அரசிலையாக ஆடின. "இதுக்குத்தானேப்பா மிஷினே வாங்கினேன். நீயே வெட்டு. வளைவே இல்லாத எழுத்துதானே."

எலியைத் தவிர எதையும் பிடித்தறியாத கை. அதுவும் கணினி எலி. உளியை வாங்கினான். நேர்க்கோட்டுக்கு ஒரு மணி நேரம் போனது. விரல் கிழிந்தது. முதல் கிளை முடியும்போது வாசலில் நிழல் விழுந்தது. அக்கா, அரைமணி முன்னதாகவே.

கட்டத்தைப் பார்த்தாள். அரைகுறை எழுத்தைப் பார்த்தாள். ரத்தத்தையும் பார்த்தாள்.

"தப்பு பண்ணிட்டேன்க்கா" என்றான்.

பையிலிருந்து அத்தானின் சுத்தியலை எடுத்து, பிடியில் இருந்த குறி தெரியும்படி கல்லின்மேல் வைத்தாள்.

"சாவுக்குத்தான் நேரத்துக்கு வரல. இதையாவது முடிச்சுட்டு எந்திரி."

முடித்தான். இரண்டாவது கிளை ஒரு நூலளவு இறங்கிவிட்டது. இன்றைக்கும் அங்கே போனால் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பான். கல்லில் வெட்டியதை நகர்த்த முடியாதே.