கண்மாய்க்குள் கேட்ட குரல்

ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி வண்டி ஏறும்போது எங்கள் கையில் அரிவாளும் கடப்பாரையும் இருந்தன. கண்டக்டர் ஒரு தினுசாகப் பார்த்தார். "காலேஜ் என்எஸ்எஸ் கேம்ப்புண்ணே, கண்மாயில கருவேலம் வெட்டப் போறோம்" என்று என் வகுப்புத் தோழன் சரவணன் சொன்ன பிறகே டிக்கெட் கிழித்தார். ஆளுக்கு இருபது ரூபாய். செக்கானூரணியில் இறங்கி, அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் டிராக்டரில் போனோம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை.

கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எதிர்க்கரை தெரியாதபடி சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. டிராக்டர் ஓட்டிய தவசி அண்ணன் வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டினார். "தெக்க மட்டும் போகாதீங்க தம்பி. உச்சி வெயில்ல நாங்களே அங்கிட்டுப் போறதில்ல."

மதியம் மற்றவர்கள் கரைக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். நானும் சரவணனும் அரிவாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது தெற்கே ஒரு பெண் குரல் ஆடுகளைக் கூப்பிட்டது. "பா... பா... இந்தா, பா..." சற்று நிறுத்தி, மறுபடி அதே இழுப்பு, அதே இடத்திலிருந்து.

"மாப்ள, ஒரு ஆடு கூடக் கத்தலையேடா" என்றான் சரவணன்.

கரைக்கு ஓடிப்போய்ச் சொன்னோம். தவசி அண்ணன் முகம் மாறியது. "அது எப்பவும் கேக்குறதுதான். காதுல வாங்காதீங்க."

சோறு போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கரண்டி நின்றது. "ஏண்ணே, ராக்காயி ஆடுக காலையிலயே தனியா வீட்டுக்கு வந்துருச்சுகளே. அவளத்தான் இன்னும் காணோம்."

சரவணன் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினான். எனக்குப் போக மனமில்லை; அவனைத் தனியே விடவும் முடியவில்லை. பின்னாலேயே தவசி அண்ணன் கயிற்றோடு வந்தார்.

முள்ளை வெட்டிக்கொண்டே போனோம். குரல் எங்களுக்கு முன்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. இன்னொரு அடி வைக்கப் போன என் சட்டையைத் தவசி அண்ணன் பிடித்து இழுத்தார். காலடியில், கிளைகளுக்குக் கீழே, சுற்றுச்சுவரில்லாத பழைய கிணறு. அதன் அடிச் சேற்றில் ஒரு பெண், கால் முறுக்கிக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்தபடி கிடந்தார்.

கயிறு கட்டிச் சரவணன் இறங்கினான். ஊரே ஓடிவந்து தூக்கியது. ஆம்புலன்ஸ் வந்து அவரை மதுரைக்குக் கொண்டுபோனது.

இரண்டு நாள் கழித்து தவசி அண்ணனோடு போய் ஆஸ்பத்திரியில் ராக்காயி அக்காவைப் பார்த்தோம். காலில் கட்டு. "நீங்க கூப்பிட்ட சத்தத்த வச்சுத்தான்க்கா வந்தோம்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நான் எங்க தம்பி கூப்பிட்டேன்? தொண்டையில இருந்து காத்துத்தான் வந்துச்சு. மேல யாரோ பொம்பள ஆட்டக் கூப்பிட்டுக்கிட்டே நின்னா. அந்தச் சத்தந்தான் என்னயத் தூங்கவிடாம வச்சிருந்துச்சு."

தவசி அண்ணன் தரையைப் பார்த்தார்.

முகாமின் கடைசி நாள், எங்கள் திட்டத்தில் இல்லாத வேலையாக, கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி போட்டோம். உச்சி வெயிலில்தான் முடித்தோம். மதுரை வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் இரைச்சல் ஓய்ந்த நேரமே கிடையாது. அந்தக் கிணற்றடியில் இலை அசைவதுகூடக் கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை.

கிளம்பும்போது சரவணன் முள்காட்டைத் திரும்பிப் பார்த்தான். "வாரோம்க்கா" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.