தெரசிதாவுக்கு ஒரு தாய் வீடு

ஜாப் டைப்பிங் தொழிலில் விரல் தேய்வதைவிடக் காது தேய்வதுதான் அதிகம். மனு அடிக்க வருகிறவர்கள் மனுவை மட்டும் சொல்வதில்லை. மாமியார், நாத்தனார், வரப்புத் தகராறு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "இதையெல்லாம் சுருக்கி ஒரே பக்கத்துல போட்டுடும்மா" என்பார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்று "நாளைக்கு வா" வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியென்றால் நீங்களும் நம்ம கூட்டம்தான், தாராளமாக மேலே படிக்கலாம்.

எண்பதுகளில் திண்டிவனத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே எனக்கு ஒரு சின்னக் கடை. ஒரு தமிழ் மிஷின், ஒரு இங்கிலீஷ் மிஷின், காத்திருப்பவர்களுக்கு ஒரு ஆடுகிற பெஞ்சு. பேரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஊருக்கே நான் டைப்பு அக்கா. பட்டா, வாரிசு சர்டிபிகேட், சாதிச் சான்று என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்கு ஒருநாள் பிலிப்பைன்ஸ் வந்து சேர்ந்தது.

நெல்லும் தென்னையும்

ஏழுமலை ஒலக்கூர் பக்கத்து ஆள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைக் கொல்லை, கிணறு, கரண்ட் மோட்டார் என்று சொந்த நிலத்தில் காலூன்றிய குடும்பம். இவனுக்கு மட்டும் ஏரைவிட ஏ.சி. மிஷின் பிடித்துப்போய், பஹ்ரைனுக்கு மெக்கானிக்காகப் போனான். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ரிப்பேர் பார்க்கப் போன இடத்தில் தெரசிதாவைப் பார்த்தான். பிலிப்பைன்ஸ்காரி, நர்சுகளுக்கு உதவியாளாக இருந்தவள். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு, கல்யாணம் பண்ணிக்கொண்டு திண்டிவனத்திலேயே ஒரு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை போடுவது என்று முடிவு கட்டி வந்து இறங்கிவிட்டார்கள்.

வந்து இறங்கினால் போதுமா? கல்யாணம் ரிஜிஸ்டர் ஆக வேண்டும். பிறகு இங்கே மேற்கொண்டு தங்க ஒரு மனு. அதன் மேல் போலீஸ் விசாரணை. அதற்கும் பிறகு ஜில்லா அதிகாரியின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து விழாவிட்டால் விசா முடிகிற அன்றைக்கு அவள் விமானம் ஏற வேண்டும். திரும்ப எப்போது வர முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதைச் சொல்லிவிட்டு ஏழுமலை அவள் பாஸ்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினான். அவளோ பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பட்டா மாற்றத்துக்குக் காத்திருந்த ஒரு விவசாயிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவங்க ஊர்ல இன்னா வெள்ளாமைன்னு கேளும்மா" என்றார். கேட்டேன். நெல், தென்னை, வாழை, வருஷா வருஷம் புயல் என்றாள். தமிழில் சொன்னேன். அவர் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நெல்லு, தென்ன, வாழ, பொயலு. எல்லாம் இங்கியே கீதே. அப்புறம் இன்னாத்துக்கும்மா விசா?"

பெண் வீட்டு ஆள்

ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு விழுப்புரம் போனோம். அதற்கு முன்னால், இவளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகவில்லை என்று டெல்லியிலிருந்து அவர்கள் நாட்டுத் தூதரகம் கொடுத்த பேப்பர் வரவேண்டும் என்று காத்திருந்தோம். பிறகு நோட்டீஸ் ஒட்டி ஒரு மாசம் காத்திருந்தோம். மூன்று சாட்சி வேண்டும் என்றதும் ஏழுமலை தன் சித்தப்பா, மாமா, சினேகிதன் என்று மூன்று வெள்ளை வேட்டிகளை அழைத்து வந்திருந்தான். அங்கிருந்த கிளார்க் பெரியவர் அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். பெண் வீட்டு சைடில் ஒருத்தராவது கையெழுத்துப் போட வேண்டுமாம். "சட்டத்துல அப்படி எதுவும் இல்லீங்களே ஐயா" என்றேன். அவர் எழுந்து காபி குடிக்கப் போய்விட்டார்.

தெரசிதா ஞாயிற்றுக்கிழமைதோறும் திண்டிவனத்தில் சர்ச்சுக்குப் போகிறவள். அங்கே அவளுக்குப் பழக்கமானவர் ரோசம்மா, ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற நர்சம்மா. பூசை முடிந்ததும் இவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டு அனுப்புவார். மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வைத்தோம். கிளார்க் பெரியவரின் முகம் அப்போதுதான் தெளிந்தது. என்னைப் பார்த்து, "மூணு பேரும் மாப்பிள்ளை வூட்டு ஆளுங்கன்னா அது கல்யாணமா, கடத்தலா? நீயே சொல்லும்மா" என்றார்.

டச்சிங்

ஊர்க்கோயிலில் தாலி, விழுப்புரத்தில் ரிஜிஸ்டர், இரண்டும் முடிந்தது. அடுத்து தங்குவதற்கான மனு. அதற்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். கவரைப் பிரித்துப் பார்த்தேன், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண் இரண்டும் பெரிசாகி, மூக்கு கூராகி, புருவம் வில்லாகி, யாரோ ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்ம பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற போட்டோவுக்கு நெகட்டிவில் பென்சில் வைத்து டச்சிங் பண்ணுவார்களே, அதே கைவரிசை.

நேரே ஸ்டூடியோவுக்குப் போய், "யோவ், இது போலீசுக்குப் போற போட்டோய்யா! பாஸ்போர்ட்ல இருக்கிற மூஞ்சி வேற, இந்த மூஞ்சி வேறன்னு அந்தப் பொண்ணைப் புடிச்சு உள்ள வெச்சா நீ வந்து ஜாமீன் குடுப்பியா?" என்று கத்தினேன். அந்தப் பெண்ணின் முகத்துக்கு என்ன குறைச்சல் என்று எனக்கு உண்மையிலேயே ஆத்திரம். மறுபடி எடுத்து, பென்சில் படாமல் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். ஆனால் அவருக்கு மனசே ஆறவில்லை. "கல்யாணமான புதுப் பொண்ணும்மா. கை வெக்காம அப்படியே குடுத்தா என் கடையப் பத்தி நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

ஆடி பிறந்தது

மனு கொடுத்து விசாரணைக்குக் காத்திருக்கும்போது ஆடி நெருங்கிவிட்டது. விசா முடிகிறதும் அந்த மாசத்தில்தான். ஒருநாள் காலை ஏழுமலையின் அம்மா அஞ்சலை பிள்ளையையும் இழுத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். "எல்லார் வூட்டு மருமவளும் தாய் வூட்டுக்குக் கெளம்பிக்கினு கீறாளுங்க. இவள நான் எங்க அனுப்பறது? பெரிய பேஜாராப் போச்சு" என்றார். ஆடியில் புதுப்பெண் புருஷன் வீட்டில் இருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அது குடும்பத்துக்கு ஆகாது என்கிற கணக்கு உங்களுக்குத் தெரியாததா? சொந்தத்தில் நாலைந்து வீட்டில் கேட்டாராம். வெளிநாட்டுக்காரி, போலீசு வீடு தேடி வரும் என்று எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

"ரோசம்மா வூட்ல வுட்டா இன்னாம்மா?" என்றான் ஏழுமலை. அஞ்சலை அவனைப் பார்த்த பார்வையில் என் மிஷினே நின்றுவிட்டது. ரோசம்மா பிறந்ததும் அதே ஊர்தான், தெரு வேறு. அவருடைய அப்பா அஞ்சலை வீட்டு மல்லாட்டைக் கொல்லையில் கூலிக்குப் போனவர். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆடி யாருக்காக நிற்கும்? வேறு வழியில்லாமல் அஞ்சலை தலையை ஆட்டினார்.

ரோசம்மா செய்ததைக் கேளுங்கள். முறைப்படி பூ, பழம், வெற்றிலை, புதுப் புடவை எல்லாம் தட்டில் வைத்து, ஊர்த் தெரு வழியாக நடந்து போய், பெண்ணை அழைத்தார். அஞ்சலை உள்ளே வா என்று சொல்லவில்லை. தட்டை வாசற்படியிலேயே வாங்கிக்கொண்டு பெண்ணை அனுப்பினார். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேண்டாத வேலை?" என்று ரோசம்மாவிடமே கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "பொண்ணு வூட்டு சைடுன்னு கையெழுத்துப் போட்டுட்டேனேம்மா. ஆடிக்கு இட்டுக்கினு வரலைன்னா ஊரு என்னைத்தான கேக்கும்?"

விசாரணை

அந்த நேரம் பார்த்து விசாரணைக்கு வந்தார் கான்ஸ்டபிள். பக்கத்து ஸ்டேஷன்காரர், அந்த ஊரின் இரண்டு தெருவும் அத்துப்படி. அஞ்சலை அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். மருமகள் எங்கே என்றதற்கு, "இங்க இல்லீங்க, திண்டிவனத்துல கீறா" என்றிருக்கிறார். புருஷன் போய்ப் பார்ப்பானா என்று அடுத்த கேள்வி. குடும்பம் ஒழுங்கு முறையாக நடக்கிறதா என்று சர்க்கார் சோதிக்க வந்திருப்பதாக அஞ்சலைக்கு நினைப்பு. நிமிர்ந்து உட்கார்ந்து, "பாக்கறதா? எம் புள்ளைய அந்தத் தெருப் பக்கமே வுடமாட்டேன்!" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அப்படியே ரிப்போர்ட் போய்விட்டது. கணவனுடன் வசிக்கவில்லை, வேறு வீட்டில் இருக்கிறார், கணவன் அங்கு செல்வதில்லை. நான் அடித்த மனுவிலோ, இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறோம் என்று இருக்கிறது. சும்மா விடுவார்களா? விசாவுக்காகப் பண்ணின பொய்க் கல்யாணம் என்று சந்தேகம் வந்து, ஜில்லா அதிகாரி விழுப்புரத்துக்கு கேம்ப் வருகிற அன்று எல்லாரும் நேரில் வரவேண்டும் என்று ஓலை வந்தது. ஏழுமலை என் கடையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். எனக்கும் பயம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் அந்தக் கான்ஸ்டபிளை டீக்கடையில் வைத்துப் பிடித்தேன். "ஏங்க, உங்களுக்கு ஆடி தெரியாதா? நீங்க எந்த நாட்டுலேர்ந்து வந்தீங்க?" என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார்: "எம் பொண்டாட்டியே அவங்க அம்மா வூட்லதான் கீறா. ஆனா ஃபாரத்துல கேட்டது சேர்ந்து கீறாங்களா, இல்லியா, அவ்ளோதான். ஆடின்னு ஒரு கட்டம் அதுல இல்லியேம்மா."

விழுப்புரம் கேம்ப்

பயணியர் மாளிகையில் ஒரு பெரிய மேஜை, அதற்குப் பின்னால் அதிகாரி. இந்தப் பக்கம் ஏழுமலை, தெரசிதா, அஞ்சலை, ரோசம்மா, இங்கிலீஷ் தேவைப்பட்டால் பேசுவதற்கு நான். ஓரமாக அந்தக் கான்ஸ்டபிள். அதிகாரி ஃபைலைப் புரட்டிவிட்டு தெரசிதாவிடம் இங்கிலீஷில், ஏன் புருஷனைப் பிரிந்து இருக்கிறாய் என்று கேட்டார். அவள் தமிழிலேயே, "ஆடி சார். அத்தை சொன்னாங்க, போனேன்" என்றாள்.

"ஆடி எனக்கும் தெரியும்மா" என்றார் அதிகாரி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அஞ்சலையின் பக்கம் திரும்பினார். "ஆடிக்குப் பொண்ணு தாய் வீட்டுக்குப் போவா. இவளோட தாய் பிலிப்பைன்ஸ்ல இருக்காங்க. இங்க எந்தத் தாய் வீடு?" ரோசம்மாவைக் காட்டி, "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். ரோசம்மா தலையைக் குனிந்துகொண்டு, "சர்ச்சுல பழக்கம், ஐயா" என்று இழுத்தார். போச்சுடா என்று நினைத்தேன். பழக்கமானவர் வீடு என்றால் ஆடியாவது, தாய் வீடாவது? பையைக் கட்டிக்கொண்டு அவள் கிளம்ப வேண்டியதுதான். கான்ஸ்டபிள் அஞ்சலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சம்பந்திங்க" என்றார். "எனக்கு சம்பந்தி இவங்க. தட்டு வெச்சு, மொறையா பொண்ண இட்டுக்கினு போனாங்க. எழுதிக்குங்க." அதிகாரி கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு எழுதினார். ஒரு வருஷம் தங்க அனுமதி, கையெழுத்து, சீல். சொல்வதற்கென்ன, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பஸ் பிடித்துத் திரும்பினோம். திண்டிவனத்தில் இறங்கினோம். ஏழுமலைக்குக் கால் தரையில் பாவவில்லை. தெரசிதாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "வா, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்று ஒலக்கூர் பஸ்ஸைப் பார்த்து நடந்தான். அஞ்சலை எட்டி நடந்து போய்ப் பையைப் பிடுங்கினார். அங்கே அதிகாரியும் இல்லை, கான்ஸ்டபிளும் இல்லை. பஸ் ஸ்டாண்டு நிறைய நம்ம ஊர் ஜனங்கள்தான். பையை ரோசம்மா கையில் கொடுத்துவிட்டு, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "எங்கடா இட்டுக்கினு போற? ஆடி முடியட்டும். நீங்க பொண்ண இட்டுக்கினு கெளம்புங்க சம்பந்தி, இவன் கெடக்கறான்."

எத்தனையோ பேருக்கு உறவுமுறைச் சான்று கேட்டு மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஸ்டாம்பு ஒட்டாமல், சீல் விழாமல், கேட்ட அன்றைக்கே அமலுக்கு வந்தது அந்த ஒன்றுதான்.