சரக்குத்தூளும் இரண்டு சுவிஸும்

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஜெர்மன் பேசப் பழகியது நான்தான். அதனால் ஏழு வயதிலேயே மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் கிடைத்துவிட்டது. சம்பளம் இல்லை, மிடுக்குக்கு மட்டும் குறைவில்லை. அப்போது நாங்கள் லைப்சிக்கில் இருந்தோம்.

வரும் சனிக்கிழமை ‘செக்ஸிஷெ ஷ்வைட்ஸ்’ தேசியப் பூங்காவுக்குப் போகிறோம், தாய்மாரும் வரலாம் என்று வகுப்பில் ஆசிரியை சொன்னார். ஷ்வைட்ஸ் என்றால் சுவிஸ், அது எனக்குத் தெரியும். முன்னால் நின்ற சொல்லுக்குத் தமிழ் தெரியவில்லை. அதனால் அதை விட்டுவிட்டேன்.

“அம்மா, சனிக்கிழமை சுவிஸுக்குப் போறம். நீங்களும் வரலாமாம்.”

அம்மா அகப்பையும் கையுமாக அப்படியே நின்றார். சூரிச்சில் சித்திக்கு முதற்பிள்ளை பிறந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்தில் பிரிந்த தங்கச்சியை அம்மா அதற்குப் பிறகு கண்ணால் காணவேயில்லை. எங்களுக்கோ ஜெர்மனியை விட்டு வெளியே போக விசா இல்லை.

“பிடிச்சுப்போடுவாங்களப்பா” என்று அப்பா இழுத்தார்.

“பள்ளிக்கூடத்தோட போறம், ஆர் பிடிக்கிறது? நீங்கள் சும்மா இருங்கோ” என்று அம்மா அவர் வாயை அடைத்தார்.

அன்றைக்கே மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து இடித்துச் சரக்குத்தூள் செய்தார். எங்கள் ஆட்கள் பிள்ளை பெற்றவளுக்கு அந்தத் தூள் போட்டுத்தான் கறி வைப்பார்கள். வீடு முழுக்கத் தும்மல். “என்ர கையாலை உனக்குச் சரக்குக்கறி காய்ச்சித் தாறன்” என்று தொலைபேசியில் சித்திக்குச் சொன்னார்.

சனிக்கிழமை அம்மா பட்டுச்சேலையும் சப்பாத்துமாக வெளிக்கிட்டார். மடியில் தூளும் முறுக்கும் நிறைந்த பை. ரயிலில் ஒருவரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. “பாத்தியே, கொப்பா வீணாப் பயந்தவர்” என்று என் காதுக்குள் சிரித்தார்.

ஐயோ, அந்த இடத்தின் வடிவு! ஆற்றிலிருந்து நேராக எழும்பி நிற்கும் மணற்பாறைகள், நடுவில் கிடுகிடு பள்ளம், பாறைக்குப் பாறை தாவும் கல்பாலம். பாறையைத் தடவினால் கையில் மணல் ஒட்டியது. அம்மா எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. பாலத்தில் ஏறியதும் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

“இனி சூரிச்சுக்கு எத்தினை மணிக்கு ரயில் எண்டு கேள் பிள்ளை.”

கேட்டேன். ஆசிரியை சிரிக்கவில்லை. இது ஜெர்மனிதான், முன்னால் நிற்கும் சொல் எங்கள் மாநிலத்தின் பெயர் என்றார். முந்தி ஒரு காலத்தில் சுவிஸிலிருந்து வந்த இரண்டு ஓவியர்கள் இதைத் தங்கள் ஊர் மாதிரி இருக்கிறதென்று சொல்லப்போய், அந்தப் பெயரே நிலைத்துவிட்டதாம். இந்தமுறை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன்.

அம்மா பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அப்போதுதான் அந்தப் பாறைகளைப் பார்த்தார். “பாவங்கள், அவையளுக்கும் ஊர் நினைப்பு வந்திட்டுதாக்கும்” என்றார். பிறகு முறுக்கை எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். தூளை மட்டும் வீடு வரும்வரை கையை விட்டு இறக்கவில்லை.

திங்கட்கிழமை அதைப் பெட்டியில் போட்டுச் சூரிச்சுக்குத் தபாலில் அனுப்பினோம். வெளியே வந்ததும் அம்மா நடுறோட்டில் நின்று அழுதார்.

“போய்ச் சேரும்தானே அம்மா, ஏன் அழுறீங்கள்?”

“ஓம் பிள்ளை, போய்ச் சேரும்.”

பிறகென்ன என்றுதான் எனக்கு இருந்தது. தூள் சித்திக்குத்தானே, சித்திக்குக் கிடைக்கப்போகிறது. பெரியாட்களின் அழுகைக்கு ஒரு கணக்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் மியூனிக்கில் எனக்குப் பிள்ளை பிறந்தது. முழங்கால் நோவோடு அம்மா லைப்சிக்கிலிருந்து ரயிலேறி வந்துவிட்டார். வந்தவர் கைகழுவி, பிள்ளையை உச்சி முகர்ந்துவிட்டு நேரே குசினிக்குள் போனார். பைக்குள் சரக்குத்தூள்.

“இந்தக் காலோட ஏனம்மா? இதைத் தபாலிலை அனுப்பியிருக்கலாமே.”

அம்மா நிமிரவில்லை. உள்ளி உரித்துக்கொண்டே சொன்னார்:

“ஒருத்திக்கு அனுப்பினனான். அது போதும்.”