அஸ்டெக்கும் என் தங்கச்சியும்

அஸ்டெக் பேரரசு ஏன் விழுந்தது என்று கேட்டால் நான் ஒரே சொல்லில் முடித்துவிடுவேன்: துரோகம். ஒன்பதாம் வகுப்புப் படித்த என் மகளுக்கு அது போதவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பேச வேண்டிய ரெஃபராட்டுக்காக ஏழெட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தாள். பெரியம்மை, குதிரை, இரும்பு, மன்னனின் தயக்கம் எல்லாம் இருந்தன. அயலில் இருந்த இனத்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஸ்பானியரோடு சேர்ந்து அஸ்டெக் நகரத்தின்மேல் படையெடுத்ததும் இருந்தது. அவர்களைக் கூட்டாளிகள் என்று ஜேர்மன் மொழியில் எழுதியிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மண்ணை வெள்ளைக்காரனுக்குக் காட்டிக் குடுத்தவை உனக்குக் கூட்டாளியளோ? துரோகியள் எண்டு மாத்தி எழுது.”

“ஏலாது அப்பா. அஸ்டெக்காரர் அவையின்ரை பிள்ளையளையெல்லோ பிடிச்சுக்கொண்டு போய்ப் பலி குடுத்தவை. பிறகு அவை ஆரோடையெண்டாலும் சேருவினம்தானே?”

அவள் சரித்திரத்தைத்தான் சொன்னாள். எனக்கு அது என் தங்கச்சிக்காகப் பேசியதுபோல் சுட்டது. மன்னாரில் தங்கச்சியின் மகனை இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது. அவனை மீட்டுத் தரச் சொல்லி அவள் இலங்கை ஆமியிடம் போனாள், தெரிந்ததையெல்லாம் சொன்னாள். பெடியன் வரவேயில்லை. பிறகு அவள் ஜேர்மனியில் நாங்கள் இருந்த பான் நகரத்துக்கே வந்து சேர்ந்தாள். நான் அவளோடு ஒரு சொல் பேசவில்லை. தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் எல்லோரும் முன்னும் பின்னும் திரும்பிக் கைகூப்புவார்கள். அவள் இருக்கும் பக்கம் மட்டும் நான் திரும்பமாட்டேன்.

மகளின் கையிலிருந்து அந்தப் பக்கத்தைப் பறித்துக் கிழித்தேன். அவள் அழவில்லை. அடுத்த நாள் அந்தப் பகுதியைத் தாள் இல்லாமலே வகுப்பில் சொல்லிவிட்டு வந்தாள். அதோடு என்னுடன் பேச்சை நிறுத்தினாள். ஒரே வீட்டில் பேசாமல் இருக்க எனக்கு மூச்சு முட்டியது.

அடுத்த பூசைக்குப் போனபோது மகள் நேரே போய் அவளுடைய மாமிக்கு, என் தங்கச்சிக்கு, பக்கத்தில் இருந்தாள். சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. வீம்பை விட்டு முதல் தடவையாக அந்தப் பக்கம் திரும்பி, மகளைப் பார்த்துக் கைகூப்பினேன். தங்கச்சி தனக்கென்று நினைத்துவிட்டாள். அவளும் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

சட்டென்று என் கைகளை இறக்கிக்கொண்டேன். மகள் அதைப் பார்த்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டினாள்.