உப்பு மணல் தேய்க்கும் வேலை

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து, தையல் ஆறிய பிறகும் என் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. கையை அசைக்கச் சொன்னார் மருத்துவர். வீட்டிலோ ஒரு செம்பு தண்ணீர்கூட எடுக்க விடவில்லை.

சொத்தவிளை கடற்கரையில் சவாரிக்குக் குதிரை விடும் பக்கத்து வீட்டு மேரியக்காதான் வேலை சொன்னாள். "சும்மாதானே இருக்கே மக்கா? சாயங்காலம் குதிரைக்க மேலுல உள்ள உப்பு மண்ணத் தேச்சு எடுத்து விடு. இல்லேன்னா புண்ணு வந்திரும்."

முதலில் கால்களைத் தேய்த்தேன், பிறகு வயிறு, முதுகு. ஒருநாள் பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் கத்தினாள்: "ஏட்டி, கை எங்க நிக்குன்னு பாரு!"

தலைக்கு மேல் நின்றது. அழுதுவிட்டேன்.

"அழுகைய பெறவு வச்சுக்கலாம், அந்தப் பக்கம் இன்னும் தேய்க்காம கெடக்கு" என்றாள்.

அடுத்த பரிசோதனையில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நாளைச் சாயங்காலம் குதிரை திரும்பும்போது நான் மேரியக்காவின் கொட்டகையில் நிற்பேன்.