புளித்தண்ணீரில் கரைந்த மலை

பிரேம்குமார் ஒரு கல்லைக் கையில் எடுத்தால் முதலில் எடை பார்ப்பான். பிறகு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பான். நாற்பத்து மூன்று வயது ஆள், ஹவுராவில் ஒரு கல் கிடங்கின் மேற்பார்வையாளன், நியூ டவுன் அடுக்குமாடிகளின் சமையலறைகளுக்கு மேடைக்கல் பதித்துக் கொடுக்கிறவன், ஊரறிய இப்படி நாக்கை நீட்டலாமா என்று மனைவி கல்பனா கேட்காத நாளில்லை.

"டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கிறாரு. இவன் நாக்கு வைக்கிறான். தொழில் சாமான்," என்பாள் அக்கா கிருஷ்ணம்மாள்.

தம்பியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கிருஷ்ணம்மாளிடம் பதில் தயாராக இருக்கும். அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவள். இப்போது வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக் கடைகளுக்குப் போடுகிறாள். அப்பா ஏழுமலை ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கூட்டத்தில் இருந்தார். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பிரேம்குமார் திரும்பி வரும்போது தண்டவாளத்துக் கருங்கல்லை டிராயர் பையில் திணித்துக்கொண்டு வருவான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் இரண்டு கையையும் வீசி ஓடினால், இவன் ஒரு கையால் டிராயரைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். அடிக்கிற அம்மா அடித்தாள். அக்காதான் பழைய காக்கித் துணியை வெட்டிப் பைக்குள் இரட்டை மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு பை கிழியவில்லை. டிராயர் மட்டும் இன்னும் கீழே இறங்கியது.

அவன் கல்யாணத்திலும் கல் குறுக்கே வந்தது. கல்யாணம் ஹவுராவிலேயே நடந்தது. மிதிக்க அம்மி கிடைக்கவில்லை என்று பக்கத்து வீட்டு வங்காளிகள் மசாலா அரைக்கிற கல்லை வாங்கி வந்து வைத்தார்கள். மெட்டி போடக் குனிந்த மாப்பிள்ளை, பெண்ணின் காலைப் பிடித்தபடியே, "இது அம்மி இல்ல, மணற்கல். ஆத்து மணல் சேர்ந்து சேர்ந்து இறுகுனது," என்றான். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"எல்லா மாப்பிள்ளையும் குனிஞ்சா பொண்ணு முகத்தை ஓரக்கண்ணால பார்ப்பான். இவரு கல்லைப் பார்த்தாரு," என்று கல்பனா இன்றைக்கும் சொல்வாள்.

"உன் முகத்தை வாழ்நாள் பூரா பார்க்கணும்னு தெரியும். கல்லை சாயங்காலம் திருப்பிக் கொடுக்கணுமே," என்பான் பிரேம்குமார்.

கல் விவரமெல்லாம் அவன் கல்லூரியில் படித்ததில்லை. கிடங்குக்கு வருகிற சுரங்கக்காரர்களிடம் கேட்டது, ஞாயிற்றுக்கிழமை மியூசியத்தில் நின்று பார்த்தது, செல்போனில் பார்த்தது. கற்றதை வீட்டில் வந்து அக்காவிடம் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வான். அவளுக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும் என்பது அவன் கணக்கு; தம்பி தன்னிடம்தான் முதலில் சொல்கிறான் என்பது அவள் பெருமை.

"நீ நெய் உருக்கி வைக்கிற இல்ல? சட்டுன்னு குளிர்ந்தா வழவழன்னு உறையுது. மெதுவா ஆறுனா மணல் மணலா உறையுது. கல்லும் அப்படித்தான். பூமிக்கு அடியில நிதானமா ஆறுனது கிரானைட், அதான் அதுல பெரிய பெரிய மணி தெரியுது. வெளியில கொட்டி சீக்கிரமா ஆறுனது தண்டவாளத்துக் கருங்கல்."

அன்று முதல் கிருஷ்ணம்மாள் நெய் ஜாடியைத் திறந்தால், "இந்த வாட்டி கிரானைட்டா இறங்கியிருக்கு," என்றோ, "சே, தண்டவாளமாப் போச்சு," என்றோதான் சொல்வாள்.

அவர்கள் தெரு துர்கா பூஜை கிளப்பில் பிரேம்குமார் பல வருடமாக உறுப்பினன். கிச்சுடிப் பிரசாதம் பரிமாறுவான், பந்தல் மூங்கில் பிடிப்பான். அதற்கு மேல் யாரும் அவனை எதுவும் கேட்டதில்லை. 'பாத்தோர்தா' என்று கூப்பிடுவார்கள், கல் அண்ணன் என்று அர்த்தம். இந்த வருடம் பந்தலுக்கு 'பூமி' என்று கரு வைத்திருந்தார்கள். பிரேம்குமார் செயலாளர் தபன்தாவிடம் போய், வாசலுக்கு இடப்பக்க மூலையைத் தனக்குக் கொடுத்தால் கல் எப்படிப் பிறந்து எப்படி மாறுகிறது என்று வரிசையாக வைத்துக் காட்டுவதாகச் சொன்னான்.

தபன்தா பெரிய மூக்குக் கண்ணாடியும் அதைவிடப் பெரிய சந்தேகமும் உள்ளவர். "இந்த ஊரில் கல் ஏது பாத்தோர்தா? தோண்டினால் சேறு. இன்னும் தோண்டினால் இன்னும் சேறு," என்றார் வங்காள மொழியில்.

"அதனாலதான் தாதா. இங்க இருக்கிற கல்லெல்லாம் வெளியூர்லேர்ந்து ரயில் ஏறி வந்தது. கருங்கல் ராஜ்மஹால் மலை, பளிங்கு ராஜஸ்தான், எங்க வீட்டு ஆட்டுக்கல் திருவண்ணாமலை. எங்களை மாதிரியே."

தபன்தா சிரித்துவிட்டார். ஆனால் சந்தேகத்தை விடவில்லை. "பஞ்சமி சாயங்காலத்துக்குள் மூலை ஒழுங்காக நிரம்பியிருக்க வேண்டும். வரிசையில் ஓட்டை விழுந்தால் அங்கே புச்காக்காரனை நிறுத்திவிடுவேன். அவன் ஒரு மாதமாக அந்த மூலையைக் கேட்கிறான்."

கல்லா, பானிபூரியா என்று ஆகிவிட்டது. கிருஷ்ணம்மாளுக்கு அன்றிலிருந்து அந்த புச்காக்காரனைக் கண்டாலே ஆகவில்லை.

பிரேம்குமார் தன் சேகரிப்பிலிருந்து பதினொரு கல்லைத் தேர்ந்தெடுத்து எண் ஒட்டினான். அவற்றில் அவனுக்கு உயிர் ஏழாம் எண். பார்வைக்குச் சாம்பல் நிறக் கட்டி. யாரும் குனிந்து எடுக்கமாட்டார்கள். சிலிகுரிக்கு மேலே ஒரு ஓட்டலுக்குக் கல் பதிக்கப் போனபோது மலைச்சரிவில் எடுத்தது.

"இது சேத்துக்கல் அக்கா. ஒரு காலத்துல இமயமலையில பாறையா இருந்தது. மழையும் ஆறும் அரைச்சு சேறாக்கி அடிவாரத்துல கொண்டுவந்து கொட்டுச்சு. மேல மேல சேறு விழுந்து, அழுத்தி, மறுபடி கல்லாச்சு. அப்புறம் மலை வளர்றப்ப இதையும் மேல தூக்கிடுச்சு. ஒரு தடவை செத்துப் பிழைச்ச கல்லு. இதை எடுத்துட்டா என் வரிசையில பாதிக் கதை இல்ல. மலை எப்படி மண்ணாச்சு, மண்ணு எப்படிக் கல்லாச்சுன்னு காட்ட வேற ஒண்ணு கிடையாது."

பஞ்சமி அன்று காலை, நியூ டவுனில் ஒரு கிருகப்பிரவேச வீட்டு அடுப்புமேடையை முடிக்க வேண்டியிருந்தது. கேப் வாசலில் ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்கா, கல்லுங்களைக் கொஞ்சம் தூசி தட்டி வை. நாலு மணிக்கு வந்து எடுத்துட்டுப் போறேன்," என்றான்.

கிருஷ்ணம்மாள் தன் வாழ்க்கையில் எதையும் வெறுமே தூசி தட்டியதில்லை. தம்பியின் கல் ஊரார் பார்வைக்குப் போகிறது. எண் ஒட்டிய காகிதங்களை வரிசை மாறாமல் எடுத்து வைத்தாள். பூஜைக்குக் குத்துவிளக்கு தேய்க்கக் கரைத்து வைத்த புளித்தண்ணீர் இருந்தது. அதை வாளியில் ஊற்றி, மேலும் தண்ணீர் விட்டு, பதினொரு கல்லையும் ஊறப் போட்டுவிட்டு மாவு போடப் போனாள்.

திரும்பி வந்து வாளியில் கைவிட்டு எண்ணினால் பத்துதான் வந்தது. ஏழாம் எண்ணைக் காணோம்.

"கல்பனா, வாளியிலேர்ந்து கல்லு எடுத்தியா?"

"கல்லைப் போய் யாரு அண்ணி திருடுவாங்க?" நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். வந்து எட்டிப் பார்த்தாள். "எங்கயும் போகல. இதோ இருக்கு."

வாளியின் அடியில் சந்தனம் மாதிரிக் குழைந்து கிடந்தது ஏழாம் எண். செத்துப் பிழைத்த கல் இன்னொரு தடவை செத்துப்போயிருந்தது. ராஜஸ்தான் பளிங்கோ பளபளப்பு போய், முகம் கழுவின பொம்மை மாதிரி மங்கிக் கிடந்தது.

கிருஷ்ணம்மாள் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "புச்காக்காரன் வந்துடுவான்டி," என்றாள்.

"அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிடலாம் அண்ணி."

"மேடை அறுக்கிற நேரத்துல சொன்னா கை நடுங்கும். மண்ணுதானே கல்லாச்சுன்னு சொன்னான்? மறுபடி ஆகாமலா போயிடும்?"

"அதுக்கு லட்சக்கணக்கான வருஷம் ஆகுமாம்."

"நம்மகிட்ட நாலு மணி வரைக்கும் இருக்கு."

மேல் தண்ணீரை இறுத்தாள். சேற்றைத் துணியில் கட்டிப் பிழிந்தாள். கல்பனாவின் செல்போனில் இருந்த ஏழாம் எண்ணின் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, கொழுக்கட்டை பிடிக்கிற கையால் உருட்டி, தட்டி, இடது ஓரத்து உடைசல் வரைக்கும் அச்சாகப் பிடித்தாள். மொட்டை மாடி வெயிலில் காய வைத்தாள். வெயில் போதவில்லை. கீழே கொண்டுவந்து சப்பாத்தி சுடும் கம்பி வலையில் வைத்து அடுப்பை எரியவிட்டாள். டப் என்று ஒரு சில்லு தெறித்துக் கல்பனாவின் காதோரம் பறந்தது. கிருஷ்ணம்மாள் அந்தச் சில்லையும் தேடி எடுத்துப் பத்திரப்படுத்தினாள். மங்கிய பளிங்குக்குத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தாள்.

அடுப்பிலிருந்து எடுத்தபோது ஏழாம் எண் கெட்டியாகத்தான் இருந்தது. ஒரு ஓரம் மட்டும் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது.

"படத்துல இந்தக் கலர் இல்லையே அண்ணி."

"அந்தப் பக்கத்தைக் கீழ வை."

நாலு மணிக்கு வந்த பிரேம்குமார் தட்டைப் பார்த்து, "பளபளன்னு இருக்கே!" என்று சந்தோஷப்பட்டு அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்பினான். இரண்டு பெண்களும் பின்னால் போனார்கள். பந்தல் மூலையில் தபன்தா நின்றிருந்தார். இரண்டடி தள்ளி புச்காக்காரன் கூடையை இறக்காமல் தலையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

பிரேம்குமார் ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்தான். கருங்கல், கிரானைட், மணற்கல். ஏழாம் எண்ணைத் தூக்கியதும் கை நின்றது. எடை பார்த்தான். வெளிச்சத்தில் திருப்பினான். சிவந்த ஓரத்தைப் பார்த்தான். கிருஷ்ணம்மாள் முந்தானையை முறுக்க ஆரம்பித்தாள். அவன் நாக்கு நுனியால் தொட்டான்.

"புளிக்குது," என்றான்.

கல்பனா அண்ணியைப் பார்த்தாள்.

"அக்கா, இதைச் சாம்பார்ல போட்டியா?"

கிருஷ்ணம்மாள் எதையும் விடாமல் சொன்னாள். புளித்தண்ணீர், வாளி, துணி, வெயில், கம்பி வலை. முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தெறித்த சில்லையும் அவன் கையில் கொடுத்தாள். "விளக்கு மாதிரி பளிச்சுன்னு இருக்கட்டும்னுதான்டா போட்டேன்," என்றாள்.

பிரேம்குமார் மூங்கில் கட்டின்மேல் உட்கார்ந்தான். கல்லைப் புரட்டினான். அதன் அடிவயிற்றில் அக்காவின் கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. சற்று நேரம் அதையே பார்த்தவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறான் என்று நினைத்து அவள் கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

"மலை பண்ற வேலை எல்லாத்தையும் மத்தியானத்துக்குள்ள பண்ணிட்டியே. கரைச்சிருக்க, படிய விட்டிருக்க, அழுத்தியிருக்க, சூட்டுல நிறம் மாத்தியிருக்க. மிச்சச் சேத்தைக் கொட்டிட்டியா?"

"எதுக்குக் கொட்டறேன்? ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருக்கு."

கல்பனா ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். அடியில் பருமணல், அதன்மேல் நொய், மேலே வழவழப்பான சேறு என்று படிந்து, எல்லாவற்றுக்கும் மேல் புளித்தண்ணீர் பழுப்பாக நின்றது. ஏழாம் எண்ணோடு வைக்கக் கொண்டுவந்திருந்த மலைச்சரிவின் படத்தை பிரேம்குமார் முதலில் சாய்த்து வைத்தான். அடுத்து பாட்டில். அடுத்து விரல் ரேகை மேலே தெரியும்படி ஏழாம் எண். வரிசையில் ஓட்டை இல்லை.

தபன்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சேற்றையா காட்சிக்கு வைக்கிறாய்?"

பிரேம்குமார் பந்தலுக்கு உள்ளே கை காட்டினான். அங்கே பத்துக் கையோடு தேவி களிமண் சிலையாக நின்றாள். "அதுவும் கங்கைச் சேறுதானே தாதா? கங்கை எங்கிருந்து அரைச்சுக் கொண்டுவருது? இமயமலையிலேர்ந்து. மலையோட பொண்ணுன்னு நீங்கதான் கும்பிடறீங்க. அவ நிஜமாவே மலைதான்."

தபன்தா தேவியைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். மறுபடி தேவியைப் பார்த்தார். பிறகு புச்காக்காரனைத் திரும்பிப் பார்த்து, "ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லப்பா," என்றார்.

கிருஷ்ணம்மாள் அவன் ரோட்டைத் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே போய் ஒரு இலைத்தொன்னை புச்கா வாங்கிச் சாப்பிட்டாள். புளிப்பு சரியாக இருந்தது என்று ஒப்புக்கொண்டாள்.

சஷ்டியிலிருந்து கூட்டம் நெரித்தது. தேவியே மலைதான் என்று தபன்தா வருகிறவர்களுக்கெல்லாம் தன் சொந்தக் கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாம் எண்ணுக்கு முன்னால் பிரேம்குமார் வங்காள மொழியில் புதுச் சீட்டு எழுதி வைத்திருந்தான். கிருஷ்ணம்மாளுக்கு அந்த எழுத்து வராது, கல்பனாதான் படித்துச் சொன்னாள்: "சேற்றுக்கல். பிறப்பு இமயமலை. மறுபிறப்பு ஹவுரா, கிருஷ்ணம்மாள் சமையலறை."

அதைக் கேட்டுக்கொண்டே கிருஷ்ணம்மாள் கிட்டே போனாள். சீட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது. நேராக்கி வைத்தாள்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்த விரல் ரேகையில் தங்கள் விரலை வைத்துப் பார்த்தார்கள். நவமிக்குள் ரேகை பாதி காணாமல் போனது.

"எல்லாரும் தொட்டுத் தொட்டு அழிக்கிறாங்கடா," என்றாள் கிருஷ்ணம்மாள், கையில் உலர்ந்த துணியோடு.

"தேய்மானம் அக்கா. எந்த மலைக்கும் உண்டு. மூணாவது தடவை ஆரம்பிச்சிருக்கு," என்றான் பிரேம்குமார். "நீ அந்தத் துணியை மட்டும் கீழ வை."